தீசாவிலிருந்து வண்டியை எடுத்தவள்

ஜுலைஹா பீவிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. பேச்சு குறையும், கை வேகமாகும், அடுப்படி பளிச்சென்று ஆகிவிடும். அவளுடைய கணவர் கௌஸ் முகைதீனுக்கு இருபத்து நான்கு வருஷமாகியும் அந்த அடையாளம் பிடிபடவில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொள்வார்.

ஊர் கீழக்கரை. பன்னிரண்டாம் வகுப்பில் புவியியல் பாடத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள். பத்தொன்பது வயதில் நிக்காஹ் முடிந்தது, அடுத்த வருஷம் ஜித்தா. கணவருக்கு ஷரஃபியா கடைத்தெருவில் பெட்டியும் பையும் விற்கும் கடை. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் பெட்டி வாங்குவார்கள் என்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. வீடு அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, மூன்றாவது மாடி. ஒரே மகள் ஆமிரா, இப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

பெண்களும் வண்டி ஓட்டலாம் என்று சவூதியில் சட்டம் மாறிய மறு வருஷம் கௌஸ் முகைதீனே மனைவியை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். அதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் கடை திறக்க நேரமாகிவிடுகிறது, அதற்காகத்தான். முதல் பரீட்சையிலேயே ஜுலைஹாவுக்கு லைசென்ஸ் கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் காலையும் மதியமும் ஜித்தா நெரிசலுக்குள் அந்தப் பெரிய ஜீப்பை அவள்தான் ஓட்டினாள். ஒரு கீறல் விழுந்ததில்லை. வண்டியில் இருந்த மூன்று நசுங்கலும் கௌஸ் முகைதீனுடையவை.

ஆனால் குடும்பமாக வெளியே கிளம்பினால் ஸ்டியரிங் அவரிடம்தான் இருக்கும். அவள் கீழே இறங்கி வண்டியை வாசலுக்கு எடுத்துவந்து நிறுத்தியிருந்தாலும், அவர் வந்ததும் இறங்கி அந்தப் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அவ ஸ்கூலு வரைக்கும் போய்ட்டு வருவா. லாங் எல்லாம் பொம்பளைக்குச் சரிப்பட்டு வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவள் டீ கொண்டுவந்து வைப்பாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுச் சட்டிகள் கண்ணாடி மாதிரி இருக்கும்.

தீசாவுக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தபூக் பக்கத்தில் இருக்கிறது அந்த வாதி, அதாவது மலைகளைப் பிளந்துகொண்டு ஓடும் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் சிவந்த பாறைச் சுவர்கள் செங்குத்தாக நிற்க, நடுவில் ஓடையும் நாணலும் பேரீச்ச மரங்களும். இப்போது அரசாங்கம் அதைக் காப்பகமாக வைத்திருக்கிறது. கடலும் மணலும் மட்டுமே பார்த்து வளர்ந்தவள், அதை முதன்முதலில் போனில் பார்த்தபோது சோறு பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் இந்த ஜனவரியில், குளிர்கால விடுமுறைக்கு அவர் தலையாட்டினார்.

யான்பு, உம்லஜ் வழியாக தீசா, அங்கிருந்து அல் உலா, மதீனா வழியாகத் திரும்பி வீடு. எந்த ஊரில் தங்குவது, எங்கே பெட்ரோல் போடுவது, மணலில் வண்டி சிக்கினால் என்ன செய்வது என்பது வரை ஆமிராவின் பழைய நோட்டில் எழுதி வைத்தாள். அல் உலா காப்பகத்துக்கு முன்கூட்டியே நான்கு டிக்கெட் போட்டாள். கணவரோ கடையில், "நான் ஒரு பிளான் போட்டிருக்கேன், பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனக்குப் பேச்சுத்துணைக்கு, கடையில் கூட இருக்கும் தம்பி சாதிக் பாட்ஷாவையும் அழைத்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்திய இரண்டு நாளும் ஜுலைஹா அடுப்படியைவிட்டு நகரவில்லை. இறைச்சிச் சுக்கா, சப்பாத்தி, புளிச்சோறு. உம்லஜில் தங்கிய அறையில்கூட ஆண்கள் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, தட்டு கழுவியது அவள்தான். வழி முழுவதும் கௌஸ் முகைதீன் நூற்று நாற்பதில் விரட்டினார். "மச்சான், கேமரா இருக்கு" என்றாள் ஒருமுறை. "எனக்குத் தெரியும்" என்றார். கேமரா மின்னியது. அதற்கும் அவளைத்தான் முறைத்தார்.

இரண்டாம் நாள் மதியம் தீசா வந்து சேர்ந்தார்கள். பள்ளத்தாக்கு வாயிலில் உள்ளூர்க்காரர்கள் பிக்கப் வண்டிகளோடு நின்றிருந்தார்கள். வாடகைக்கு உள்ளே கூட்டிப்போவது அவர்களுடைய பிழைப்பு. அவர்களில் ஒருவன், தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணியைச் சுற்றிக் கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தவன், ஜீப்பின் கண்ணாடியைத் தட்டினான். அரபியில் நிறையச் சொன்னான். கடைக்கு வேண்டிய அரபிதான் கௌஸ் முகைதீனுக்குத் தெரியும். ஜுலைஹா பக்கத்து வீட்டு யமன்காரியோடு இருபது வருஷம் பேசிப் பழகியவள்.

"நேத்து மேல மலையில மழையாம். ஓடையில தண்ணி கூடலாம்ண்டு சொல்றாரு. உள்ள போறதுண்டா அவங்க வண்டில போங்கங்கிறாரு. இல்லாட்டி டயருல காத்தப் பாதியாக் கொறைச்சுக்கிட்டு, அஸர் தொழுகைக்கு முந்தித் திரும்பிடணுமாம்."

"சவாரி புடிக்க அப்படித்தான் சொல்லுவான்" என்றார் கௌஸ் முகைதீன். "காத்த எறக்கிட்டா அப்புறம் எங்க போயி அடிக்கிறது? நம்ம வண்டி ஃபோர் வீலு. என்னடா சாதிக்?"

"ஆமா காக்கா" என்று அண்ணனுக்கு ஒத்துப் பாடினான் சாதிக்.

"மச்சான், நானும் படிச்சுப் பாத்தேன். ஈர மணல்ல காத்து கொறைவா இருந்தாத்தான்—"

"யல்லா, யல்லா. நேரமாவுது."

கம்பளிக் கோட்டுக்காரன் ஜுலைஹாவைப் பார்த்துக் கைகளை விரித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். பிற்பாடு அந்த நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கணவர்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலேயே வந்தது.

உள்ளே போனதும் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது. பாறைகள் அண்ணாந்து பார்த்தாலும் முடியவில்லை. கோபுரம் கோபுரமாக நின்றன. ஆமிரா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "ஓ மை காட், உம்மா!" என்று கத்தினாள். ஓடைத் தண்ணீர் சில்லென்று தெளிவாக ஓடியது. ஜுலைஹா இறங்கிப் பாறையில் கை வைத்துப் பார்த்தாள். வெயிலில் நின்ற பாறை, மார்கழிக் குளிரிலும் வெதுவெதுப்பாக இருந்தது.

அதோடு திரும்பியிருக்கலாம். இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று போனார் கௌஸ் முகைதீன். குறுக்கே வந்த ஓடையைச் சில தடவை தாண்டியானபின், அது மறுபடி வளைந்து வழியை மறித்த ஒரு இடத்தில், வேகத்தைக் குறைக்காமல் தண்ணீருக்குள் விட்டார். நடுவில் வண்டி நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றி மணலைப் பின்னால் வாரி இறைத்தது. இன்னும் மிதித்தார். பின்பக்கம் கீழே இறங்கியது.

"மிதிக்காதீங்க மச்சான், பொதையுது!"

"நீ சும்மா இரு!"

சக்கரம் பாதிக்கு மேல் புதைந்தபிறகுதான் காலை எடுத்தார். பிறகு சாதிக்கை உட்காரவைத்துத் தான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். முழங்கால் தண்ணீரில் வழவழப்பான கல்லின்மேல் கால் வைத்து, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியபோது கையை ஊன்றி விழுந்தார். அவர் போட்ட அலறல் இரண்டு பாறைச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது.

ஆமிராவும் ஜுலைஹாவும் அவரைத் தூக்கிக் கரையில் உட்காரவைத்தார்கள். ஜுலைஹா தன் துப்பட்டாவைக் கிழித்து, நோட்டு அட்டையைக் கையோடு சேர்த்துக் கட்டினாள். போனில் சிக்னல் இல்லை. அக்கம்பக்கத்தில் வேறு வண்டி இல்லை. சாதிக் பாட்ஷா இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருந்தான்.

அப்போதுதான் அவள் தண்ணீரைப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் கண்ணாடியாக இருந்த ஓடை கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. அதில் சுள்ளிகளும் நாணல் சருகும் மிதந்தன. மலையில் பெய்த மழையின் வெள்ளம் என்று பயந்தாள். அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது, பயத்தைவிடப் பெரியதாக.

ஓட்டுநர் கதவைத் திறந்தாள். "எறங்கு சாதிக்."

"மச்சி, காக்கா என்ன சொல்றாரோ..." என்று அண்ணியைப் பார்த்து இழுத்தான்.

"எறங்குங்கிறேன்ல!"

இத்தனை வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சாதிக் குதித்து இறங்கினான்.

அடுத்து அவள் செய்தது எல்லாம் நோட்டில் எழுதியிருந்ததுதான். நான்கு டயரிலும் மூடியைக் கழற்றி, வீட்டுச் சாவியின் முனையால் அழுத்திக் காற்றை இறக்கினாள். பின்பக்கம் இரண்டுக்கும் தண்ணீருக்குள் கையை விட வேண்டியிருந்தது. விரல் மரத்துப்போனது. சாதிக்கையும் ஆமிராவையும் சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலைக் கையாலேயே தோண்டச் சொன்னாள். உதிர்ந்து கிடந்த பேரீச்ச மட்டைகளையும் வண்டிக்குள் இருந்த கால்மிதிகளையும் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். கரையிலிருந்து கௌஸ் முகைதீன் கத்திக்கொண்டிருந்தார்: "காத்த எறக்காதே! வண்டியக் கெடுக்காதே! ஏய், நான் சொல்றது கேக்குதா?"

கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏறி உட்கார்ந்தாள். நாலு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கும் ஃபோர் லோ கியருக்கு மாற்றினாள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முட்டையை மிதிப்பது மாதிரி மெதுவாகக் காலை அழுத்தினாள். வண்டி உறுமியது, அசைந்தது, வழுக்கியது. காலை எடுத்து ஒரு அடி பின்னால் விட்டாள். மறுபடி முன்னால். மறுபடி பின்னால். நாலாவது தடவை மட்டைகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி முனகிக்கொண்டே ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கரைக்கு வந்து நின்றது. ஆமிரா துள்ளிக் குதித்தாள். ஜுலைஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏறுங்க எல்லாரும்" என்றாள்.

ஓட்டுநர் பக்கம் சாதிக் வந்தபோது, "பின்னாடி" என்றாள்.

வாயிலுக்கு வரும்வரை இன்னும் ஆறு இடத்தில் ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஆழம் பார்த்தாள். கௌஸ் முகைதீன் பக்கத்து சீட்டில், அவள் வருஷக்கணக்காக உட்கார்ந்த அதே சீட்டில், கையைப் பிடித்துக்கொண்டு, "லெஃப்டுல எடு... பிரேக் போடு... அறிவிருக்கா ஒனக்கு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மச்சான்" என்றாள் ஜுலைஹா, கண்ணை வழியிலிருந்து எடுக்காமல். "ஒங்களுக்கு வலிக்குதுண்டா கத்துங்க. வழி சொல்ல வேணாம்."

ஒருவழியாக வாயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே கம்பளிக் கோட்டுக்காரன் தன் வண்டியிலிருந்த பம்பால் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தான். அவர்களைத் தேடி உள்ளே வரக் கிளம்பிக்கொண்டிருந்தானாம். கௌஸ் முகைதீனின் கையைப் பார்த்தான், ஸ்டியரிங்கில் இருந்தவளைப் பார்த்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் தபூக் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னான், அவளிடம்.

மலைமேல் ஏறும் கொண்டை ஊசி வளைவுகள், பிறகு பீடபூமியின் வெட்டவெளி, கண்ணாடியில் படியும் பனி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, இருட்டத் தொடங்கும்போது தபூக்கில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கட்டுப் போட்டு, அன்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவளும் மகளும் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். சாதிக் அண்ணனோடு இருந்தான்.

மறுநாள் காலை ஃபிளாஸ்கில் டீயோடு வார்டுக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. கௌஸ் முகைதீன் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கடை நெய்னா முகம்மதுவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"...அல்லா காப்பாத்துனான். தண்ணி இடுப்பு மட்டும் வந்திருச்சு. சாதிக் இருந்ததால தப்பிச்சோம். அவன்தான் வண்டிய எடுத்து தபூக் வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தான். பொம்பளைக ரெண்டும் அழுதுக்கிட்டுக் கெடந்துச்சுக. நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல..."

சாதிக் ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜுலைஹா உள்ளே போய் ஃபிளாஸ்கை மேஜையில் வைத்தாள். அவர் போனை வைக்கும்வரை நின்றாள்.

"யாரு அழுதது?"

"என்ன?"

"அழுதுக்கிட்டுக் கெடந்தோம்ண்டு சொன்னீங்களே. யாரு அழுதது? நானா? ஆமிராவா? எந்த எடத்துல?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதப் போயிப் பெருசு பண்றே." குரலைத் தாழ்த்தினார். "பொஞ்சாதி ஓட்டிக்கிட்டு வந்தாண்டு கடைத்தெருவுல தெரிஞ்சா எனக்கு அசிங்கமா இருக்காதா?"

"வண்டியப் பொதைச்சது அசிங்கமில்ல. அந்த ஆளு சொன்னதக் கேக்காம எம்புள்ளைய வெள்ளத்துல கொண்டுபோயி நிறுத்துனது அசிங்கமில்ல. நான் வெளிய கொண்டாந்ததுதான் அசிங்கமா?" குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாகிஸ்தானி நோயாளி போர்வையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். "ஸ்கூலுக்கு நான்தான் ஓட்டிக்கிட்டுப் போறேன். ஒங்க கடைக்குச் சரக்கு வந்தா துறைமுகத்துக்கு அனுப்புறீங்க, நான்தான் போறேன். அப்ப எல்லாம் அசிங்கமாத் தெரியலையா?"

"மச்சி, ஆஸ்பத்திரி இது..." என்றான் சாதிக்.

"நீ பேசாதே. அவரு பொய் சொல்லும்போது வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

சாதிக்கின் முகம் சிவந்துபோனது.

கௌஸ் முகைதீன் எழுந்து உட்கார்ந்தார். "சரி, கலாஸ். பேசுனது போதும். இனிமே அல் உலாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா வீட்டுக்கு. சாதிக் ஓட்டட்டும். சாவியக் குடு."

சாவி அவள் பையில் இருந்தது. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"ஆயிரம் கிலோமீட்டர் கையக் குலுக்கக் கூடாதுண்டு டாக்டர் சொல்லிட்டாரு. ஒங்க ரெண்டு பேருக்கும் ஜித்தாவுக்குச் சாயங்கால ஃப்ளைட்ல டிக்கெட் பாத்து வெச்சிருக்கேன், போன்ல வரும். நானும் ஆமிராவும் அல் உலா பாத்துட்டு நாளக்கழிச்சு வர்றோம்."

"பொட்டப் புள்ளையக் கூட்டிக்கிட்டுத் தனியாவா? கிறுக்குப் புடிச்சிருக்கா?"

"நேத்து மூணு பேரக் கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றாள். "அதவிட இது லேசு."

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இரண்டு தடவை. நிற்கவில்லை.

தபூக்கைத் தாண்டி முதல் நூறு கிலோமீட்டரும் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். சொல்லாமல் விட்டது எல்லாம் வரிசை கட்டி வந்தது. அவள் போட்ட பிளானை அவர் தன்னுடையது என்று சொன்னது, கேமரா மின்னியதற்கு முறைத்தது, காலேஜுக்கு அனுப்புகிறேன் என்று நிக்காஹுக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் அதைப்பற்றிப் பேசவே விடாதது. எல்லாவற்றுக்கும் கீழே இன்னொன்று குடைந்தது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி அந்தப் பக்கம் நடந்தது யாருடைய கால்? அவர் பிடித்துத் தள்ளவில்லையே. ஒரு நாளாவது, நான் ஓட்டுறேன், நீங்க அங்கிட்டு உக்காருங்க என்று சொல்லியிருக்கிறாளா?

"உம்மா, ஸ்டில் ஆங்க்ரியா?" என்றாள் ஆமிரா.

"ஆமா."

"வாப்பா மேலயா?"

"அவரு மேல. என் மேல. வாயத் தொறக்காம நின்னானே ஒங்க சாச்சா, அவன் மேல."

ஆமிரா கொஞ்சம் யோசித்தாள். "என் மேல?"

"ஒன் மேல இல்ல." கியரிலிருந்து கையை எடுத்து மகளின் கையைத் தட்டினாள். "சுக்கா மிச்சமிருக்கு, எடுத்துச் சாப்பிடு."

அல் உலா காப்பகத்துக்குள் சொந்த வண்டி போகக் கூடாது. வாயிலில் நிறுத்திவிட்டு அவர்களுடைய திறந்த ஜீப்பில் ஏற வேண்டும். நான்கு டிக்கெட்டில் இரண்டு பேர்தான் வந்திருக்கிறீர்கள் என்றாள் வழிகாட்டியாக வந்த சவூதிப் பெண். மற்ற இருவரும் வரவில்லை என்றாள் ஜுலைஹா. குளிர்காற்று முகத்தை அறுத்தது. பள்ளத்தாக்கு தீசாவைவிட அகலம், பாறைகள் மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காக நின்றன. ஒவ்வொரு அடுக்கும் எப்படிப் படிந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அரித்தது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து அறுத்தது என்று ஜுலைஹா மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். தானாக வந்தது, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் படித்தது. வழிகாட்டிப் பெண் திரும்பிப் பார்த்து, "நீங்கள் ஆசிரியையா?" என்று அரபியில் கேட்டாள்.

இல்லை என்றாள் ஜுலைஹா. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் அடங்கிக்கொண்டிருந்த கோபம் மறுபடியும் மூண்டது. ஆகியிருக்கலாம். இவ்வளவு அழகை முன்னால் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வந்ததைக் காற்று என்று மகள் நினைத்துக்கொண்டாள். நினைக்கட்டும் என்று விட்டாள்.

மதீனா வழியாக ஜித்தா வந்து சேர்ந்தபோது வண்டி மீட்டரில் மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடியிருந்தது. கௌஸ் முகைதீன் பதினொரு நாள் அவளிடம் பேசவில்லை. அவள் சோறாக்கினாள், ஒரு கையால் சட்டை மாட்ட உதவினாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நடந்ததைக் கடைத்தெருவில் சொன்னது சாதிக் பாட்ஷாதான். நெய்னா முகம்மது முதுகில் தட்டி, "பெரிய ஆளுடா நீ" என்று எல்லார் முன்னாலும் பாராட்டியபோது தாங்க முடியாமல், "நான் இல்ல. மச்சிதான் எடுத்தாங்க. நான் மணல் தோண்டுனேன்" என்று சொல்லிவிட்டானாம். அதை வீட்டுக்கு வந்து அவளிடமும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் கௌஸ் முகைதீன் பேசினார். மன்னிப்பு இல்லை. "நான் ஓரமா உக்காந்து சொல்லாட்டி நீ எடுத்திருப்பியா?" என்றுதான் ஆரம்பித்தார். அவள் எழுந்துபோய்விட்டாள். அவர் கட்டோடு இருந்த ஏழு வாரமும் அவள்தான் கடைக்குக் கொண்டுபோய் விட்டாள், கூட்டிக்கொண்டு வந்தாள். கட்டுப் பிரித்த அன்று சாவிக்குக் கை நீட்டினார். "நான் ஓட்டுறேன், அங்கிட்டு உக்காருங்க" என்றாள். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனாலும் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஊரிலிருந்து மாமியார் போனில் வந்தார். மகனின் கையை விசாரித்துவிட்டு, "நம்ம சாதிக் மட்டும் இல்லேண்டா என்னா ஆயிருக்கும்! அவந்தான தைரியமா வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தானாம்?" என்றார்.

கௌஸ் முகைதீன் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிராமல் இருந்தார்.

"இல்ல மாமி" என்றாள் ஜுலைஹா பீவி. "நான்தான் ஓட்டுனேன். தீசாவுல இருந்து தபூக் வரைக்கும் நான்தான். ஒங்க மகன் பக்கத்துல உக்காந்து கத்திக்கிட்டு வந்தாரு."

லைன் போய்விட்டதோ என்று ஆமிரா போனை எட்டிப் பார்த்தாள். பிறகு, "நீயா?" என்று கேட்டது கிழவியின் குரல். "நெசமாவா?"

"கேளுங்க, ஒங்க மகன் இங்கதான் இருக்காரு" என்று சொல்லி, ஜுலைஹா போனை அவர் தட்டுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.